நேராகச் செல்லவும்

பெருங்குடியில் அலுவலகம் விடும்போது மணி ஏழு, தூறல்.
ஸ்கூட்டியின் கழுத்தில் கைப்பேசியை மாட்டி
'வீடு' என்று ஒரு தட்டு.
வழி தெரியாமலில்லை.
எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது,
எந்தப் பாலம் சிவந்து கிடக்கிறது,
அதெல்லாம் அதற்குத்தான் தெரியும்.

நீலக்கோடு கிளம்புகிறது.
சதுப்பு நிலத்தை ஒட்டி ரேடியல் ரோடு,
கீழ்க்கட்டளை, பல்லாவரம்,
கத்திப்பாராவில் ஒரு சுற்றுச் சுற்றி
நந்தம்பாக்கம், ராமாபுரம், போரூர்.
ஒரு மணி நாற்பது நிமிடம் என்கிறது.
நான் இப்போது இருக்கும் கோவிலம்பாக்கம்
அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது.
கோடு அங்கே நிற்பதில்லை.

பத்து மாதம் ஆகிறது.
பீரோ எனக்கு, வாஷிங் மெஷின் அவனுக்கு என்று
கோர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.
கடவுச்சொற்களைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.

போரூர் வீட்டுக் கரண்ட் பில்
இன்னும் என் எண்ணுக்குத்தான் வருகிறது.
அறுநூற்றுப் பத்து யூனிட்.
பகலிலும் ஏசி ஓடுகிறதா, ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிறதா,
மின்வாரியம் அதைச் சொல்வதில்லை.
தொகையையும் கடைசித் தேதியையும் அனுப்பிவைப்பேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும்.

என் சிலிண்டருக்கான எண் அவனுக்குப் போகிறது.
வாசலில் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி ஆள் நிற்க
நான் போன் செய்ய,
"அஞ்சு, பூஜ்யம்..."
ஒரு மூச்சு.
"ரெண்டு, ஏழு."
ஒருமுறை பூஜ்யத்துக்குப் பிறகு இருமினான்.
மருந்து வாங்கினாயா என்று கேட்க
அந்த நாலுக்குள் இடமில்லை.

மளிகை ஆப் விடாமல் விசாரிக்கிறது:
நீங்கள் வழக்கமாக வாங்கும் பாகற்காய் தீர்ந்திருக்குமே?
எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
ஒன்பது வருஷத்தில் நானே சொன்னதில்லை.

தீபாவளிக்குச் சங்கரன்கோவில் போக
பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்பே உட்கார்ந்தேன்.
பயணிகள் பட்டியலில் முதல் பெயர் மதியழகன்,
ஆண், முப்பத்தெட்டு, கீழ்ப் படுக்கை.
நீக்க நேரமில்லை, தத்கால் யாருக்கும் காத்திராது.
அவன் கட்டத்தைத் தொடாமல் இறங்கி
என் பெயரை மட்டும் டிக் செய்தேன்.
காத்திருப்புப் பட்டியல், அறுபத்து மூன்று.

போன வாரம் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது.
வாங்கிய தேதி தேடி
'வீட்டுக் கணக்கு' ஷீட்டைத் திறந்தேன், ராத்திரி ஒன்றரை.
மேல் மூலையில் பச்சை வட்டத்தில் ஒரு 'ம'.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசையில்
'தண்ணி லாரி, எண்ணூறு' என்ற கட்டத்தின் மேல்
அவன் நின்றுகொண்டிருந்தான்.
எந்தக் கோடையின் லாரி அது?
மொட்டைமாடியில் பக்கெட்டோடு இரண்டு பேரும்
குழாய்க்குக் காவலிருந்த அதுவா?
நான் ஃப்ரிட்ஜ் வரிசைக்கு நகர்ந்தேன்.
அவன் நகரவில்லை.
பிறகு பக்கத்துக் காலிக் கட்டத்தில் எழுத்து முளைத்தது:
நின்னுடுச்சா?
ஆமா.
கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் இருக்கு. பில் நீல ஃபைல்ல.
நீல ஃபைல் அவனிடம்தான்.
வட்டம் அணைந்தது.
அந்தக் கட்டங்களை இன்னும் யாரும் அழிக்கவில்லை.
எழுத்தைக் கூட்டத் தெரியாத 'மொத்தம்'
பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கிறது.

கோவிலம்பாக்கத்தில் கோட்டை விட்டுத் திரும்புகிறேன்.
ஹெல்மெட்டுக்குள் அந்தப் பெண்குரல்:
வாய்ப்புக் கிடைத்ததும் யூ-டர்ன் எடுக்கவும்.
ஸ்டாண்டு போட்டு, மழைக்கோட்டை உதறி,
லிஃப்ட் இல்லாத மூன்று மாடி.
முதல் மாடியில் வழியைத் திருத்துகிறது.
இரண்டாவதில் சிக்னல் இல்லை, பேச்சில்லை.
கதவருகே பைக்குள் சாவியைத் துழாவும்போது
இன்னும் பதினேழு கிலோமீட்டர் என்கிறது,
கோபமே இல்லாமல்.